முதலில் மெஷின், பிறகு முகம்

அக்கா மகன் ஒருநாள் இரவு போனில் ஒரு படம் அனுப்பினான். எட்டு மூலை வளையம், எட்டுத் திருகு, பொடிப்பொடிச் சதுரங்கள் பதித்த நீல டயல், கேஸோடு ஒட்டிப் பிறந்தது போன்ற எஃகுச் செயின். ஆடிமார் பிகே கம்பெனியின் ராயல் ஓக். படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: "மாமா, இதை வாங்கணும்னா வீட்டை விக்கணும். இதே மாதிரி ஒண்ணை நாமே செஞ்சா என்ன? பதினஞ்சாயிரம் சேர்த்து வச்சிருக்கேன்."

"செய்யலாம், ஆனா இதைச் செய்ய வேண்டாம்" என்று பதில் போட்டேன். அவனுக்கு மனசு விட்டுப்போயிற்று. கள்ள நகல் செய்வது தப்பு என்று மாமா உபதேசம் ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்திருப்பான். நான் சொன்னது அதை அல்ல. அந்தப் பேச்சும் உண்டு, பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் நிற்கும் காரணம் ஒரு மில்லிமீட்டர் கணக்கு. வீட்டில் வாட்ச் செய்ய ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கைப் போடாமல் படத்தைப் பார்த்துத் தொடங்குகிறார்கள், கடைசியில் கையில் ஒரு தடித்த பொம்மையோடு நிற்கிறார்கள்.

முதலில் 'செய்வது' என்ற சொல்லைச் சரிசெய்துகொள்வோம். பல்சக்கரத்தை அறுத்து, சுருள்வில்லை இழுத்து, முழு வாட்சையும் ஒரே ஆளாகச் செய்தவர்கள் உலகில் மிகச் சிலர். பிரிட்டனை ஒட்டிய ஐல் ஆஃப் மேன் தீவில் வாழ்ந்து 2011-ல் இறந்த ஜார்ஜ் டேனியல்ஸ் அப்படிப்பட்டவர். வாழ்நாள் முழுக்க உழைத்தும் அவர் கையால் உருவானவை சில டஜன்தான். நாம் பேசுவது அந்த வேலையை அல்ல. ஓடுகிற மெஷினை வாங்கி, அதற்கு ஏற்ற கேஸைத் தேர்ந்து, டயலையும் முள்ளையும் செய்தோ வாங்கியோ பொருத்தி, நேரம் சரிபார்த்து மூடுவது. இதைச் சொன்னதும் "அப்ப நாம எதையும் செய்யலையே, சும்மா மாட்டுறதுதானே" என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் அவன் அனுப்பிய படத்துக்குள்ளேயே இருக்கிறது.

ராயல் ஓக் 1972-ல் வந்தது. பதேக் பிலிப் கம்பெனியின் நாட்டிலஸ் 1976-ல் வந்தது. அடுத்த ஆண்டு வாஷரோன் கான்ஸ்டன்டின் '222' என்ற வாட்சை வெளியிட்டது. ஆடம்பர எஃகு வாட்ச் என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருகிற மூன்று பெயர்கள் இவை. மூன்றுக்கும் உள்ளே ஓடியது ஒரே அடிப்படை மெஷின். அதைச் செய்து கொடுத்தது ஜேஜர் லெகுல்த்ரு என்ற நான்காவது கம்பெனி. மற்ற மூவரும் அதை வாங்கி, தங்கள் பட்டறையில் இழைத்து, மெருகேற்றி, தங்கள் எண்ணைப் பொறித்துக்கொண்டார்கள். செய்து கொடுத்த கம்பெனி அதைத் தன் சொந்த வாட்சில் போட்டுக்கொள்ளவே இல்லை என்பது இந்தக் கதையின் வேடிக்கை. ரோலக்ஸின் டேடோனா 1988 முதல் 2000 வரை மாற்றியமைத்த ஜெனித் கம்பெனி மெஷினில் ஓடியது. பனெராய் வாட்சுகள் பலவற்றில் இருந்தது, பாக்கெட் வாட்சுக்காக உருவான யூனிடாஸ் மெஷின். ஆக, மெஷினை வெளியே வாங்குவது இந்தத் தொழிலில் வெட்கப்பட வேண்டிய காரியமாக இருந்ததே இல்லை. வாங்கிய மெஷினுக்கு எந்த உடம்பைக் கட்டினார்கள் என்பதில்தான் அவர்கள் பெயர் நின்றது.

இனி அந்த மில்லிமீட்டர் கணக்கு.

முதல் ராயல் ஓக்கின் குறுக்களவு 39 மி.மீ. அதன் மெஷினின் தடிமன், தேதிச் சக்கரத்தையும் சேர்த்து, 3.05 மி.மீ. கையசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் மெஷின் அது. அதற்குள் ஒரு எடைத்தட்டு சுழல வேண்டும், அந்த ஆட்டத்துக்கும் இடம் வேண்டும். இவ்வளவையும் மூன்று மில்லிமீட்டருக்குள் அடக்கியதால்தான் வாட்சின் மொத்தத் தடிமன் ஏழு மில்லிமீட்டர் அளவில் நின்றது. எட்டு மூலை, எட்டுத் திருகு என்ற முரட்டு முகம் நளினமாகத் தெரிவதற்குக் காரணம் அந்த மெலிவு. ஜெரால்ட் ஜென்டா அதை ஒரே இரவில் வரைந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆழ்கடலில் முங்குகிறவர் தலையில் மாட்டும் இரும்புக் கவசத்தைத் திருகி மூடுவதைப் பார்த்து வந்த எண்ணமாம். இருக்கட்டும். ஆனால் அந்த மெஷின் இல்லையென்றால் அந்தப் படம் தாளிலேயே நின்றிருக்கும்.

நம் பதினைந்தாயிரத்துக்குள் கிடைக்கிற நல்ல மெஷின் எது? வீட்டில் வாட்ச் கட்டுகிறவர்கள் உலகெங்கும் கையிலெடுப்பது சீகோ குழுமம் பிற கம்பெனிகளுக்கு விற்கும் என்எச்35. ஆட்டோமேட்டிக், 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுதாகச் சாவி ஏறினால் 41 மணி நேரம் ஓடும். உழைப்பாளி. ஆனால் தடிமன் 5.32 மி.மீ. அதன் மேல் டயல், மூன்று முள், முட்கள் ஒன்றையொன்று உரசாமலிருக்க இடைவெளி, கண்ணாடி. அடியில் எடைத்தட்டு சுழல இடம், பின்மூடி. கூட்டிப் பாருங்கள், பதினொன்று பன்னிரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவாக முடிவது கஷ்டம். சந்தையில் கிடைக்கிற எட்டு மூலைக் கேஸ்களில் இந்த மெஷினைப் போட்டால், பக்கவாட்டில் பார்க்கும்போது பட்டுச்சேலைக்கு அடியில் சாக்கு கட்டியது போல இருக்கும். படத்தில் நேருக்கு நேர் பார்க்கையில் தெரியாது. கையில் கட்டிய அன்றைக்கே தெரியும்.

மெலிவு எவ்வளவு கடினம் என்பதற்கு ஒசூரே சாட்சி. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து அங்கே தொடங்கிய டைட்டன், 2002-ல் எட்ஜ் என்ற வாட்சைக் கொண்டுவந்தது. மொத்தத் தடிமன் 3.5 மி.மீ. உள்ளே இருந்த மெஷின் 1.15 மி.மீ. அது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ், எடைத்தட்டு கிடையாது. அப்படியிருந்தும் அதை எட்டுவதற்கு ஒரு முழு ஆலையின் பொறியாளர்கள் வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாம் வாங்க முடியாத ஒன்று உண்டென்றால் அது இந்த மெலிவுதான்.

அதனால்தான் சொல்கிறேன், எந்த ஆடம்பர வாட்சிலிருந்து கடன் வாங்குவது என்பதைப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், மெஷினை வைத்து முடிவு செய்யுங்கள். தடிமனையே அழகாகக் கொண்ட வாட்சுகள் இருக்கின்றன. 1953-ல் பிறந்த இரண்டு முங்கு வாட்சுகள், பிளாங்பானின் ஃபிஃப்டி ஃபாதம்ஸும் ரோலக்ஸின் சப்மரினரும், தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கப் பிறந்தவை. கனத்த கேஸ் அவற்றின் இயல்பு. என்எச்35 அங்கே உறுத்தாது. 1940-களில் ஜெர்மானிய விமானப்படைக்காக ஐந்து கம்பெனிகள் செய்த விமானி வாட்சுகளின் குறுக்களவு 55 மி.மீ.; உள்ளே பாக்கெட் வாட்ச் மெஷின். பனெராயும் அதே கதை. யூனிடாஸ் வழி வந்த 6497 மெஷினின் குறுக்களவே 36.6 மி.மீ. அதன் சீன நகல்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. 44 மி.மீ. கேஸில் போட்டால் பின்கண்ணாடி முழுக்க மெஷினே நிறைந்து தெரியும். கையால் சாவி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆடம்பர வாட்சோடு நம் வீட்டு வாட்ச் உண்மையாகவே உறவு கொண்டாடக்கூடிய இடம் இது. உள்ளே ஓடும் இதயத்தின் வரைபடம் ஒன்றே.

நம் ஊரில் இன்னொரு வழியும் உண்டு: பழைய எச்எம்டி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் 1961-ல் தொடங்கிய அந்த ஆலையின் ஜனதா வாட்ச் வீட்டுக்கு வீடு பீரோவுக்குள் தூங்குகிறது. 17 கல் வைத்த, சாவி கொடுக்கும் மெஷின். வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகும் அந்த மெஷினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் ஒவ்வொரு ஊர்க் கடைவீதியிலும் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும். கிளிப்பச்சை, மஞ்சள் என்று பளபளக்கும் புது டயல் ஒட்டி, 'பழைய ஒரிஜினல்' என்று விற்கிறார்கள். தாத்தாவின் வாட்ச் நல்ல டயலோடு இருந்தால் அதைப் பிரித்துப் பரிசோதனை செய்யாதீர்கள். அது இருக்கிற கோலத்திலேயே இருக்கட்டும்.

'17 கல்' என்று சொன்னதும் ஒரு பழைய மயக்கம் நினைவுக்கு வருகிறது. வாட்சில் வைரம் மாதிரி ஏதோ இருப்பதாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நம்பினார்கள். அது செயற்கை மாணிக்கம். பல்சக்கரத்தின் அச்சு தேயாமல் சுழல உட்காரும் குழி. பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னாய் 1902-ல் அதைச் செயற்கையாக உருவாக்கும் தன் முறையை வெளியிட்ட பிறகு அந்தக் கல் ஆலைச் சரக்காகிவிட்டது. சஃபையர் கண்ணாடி என்று விற்கிறார்களே, அதுவும் இதே அலுமினியம் ஆக்சைடுதான். கடினத்தை அளக்கும் அளவுகோலில் 9. தெருப் புழுதியில் கலந்திருக்கும் மணல் 7. சாதாரணக் கண்ணாடி அதற்கும் கீழே. சட்டைக் கையில் ஒட்டிய புழுதியே சாதாரணக் கண்ணாடியைக் கீறும், சஃபையரைக் கீறாது. கோடி ரூபாய் வாட்சுக்கும் நம் வாட்சுக்கும் பொருள் வித்தியாசமே இல்லாத பாகம் அது. காசை அங்கே செலவழியுங்கள்.

மெஷின் முடிவானதும் முகம். விலை குறைந்த வாட்ச் ஏன் விலை குறைந்ததாகத் தெரிகிறது என்று அக்கா மகனைக் கேட்டேன். பெயரில்லை, பளபளப்பில்லை என்று ஏதேதோ சொன்னான். ஒரு வாட்ச் கடைக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிறுத்தி இரண்டு இடங்களைப் பார்க்கச் சொன்னேன். ஒன்று நிமிட முள்ளின் நுனி. நல்ல வாட்சில் அது விளிம்பிலுள்ள நிமிடக் கோட்டைத் தொட்டு நிற்கும். மலிவான வாட்சில் பாதி வழியிலேயே நின்றுவிடும், அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டது போல. இரண்டாவது தேதி ஜன்னல். பெரிய கேஸில் சிறிய மெஷினைப் போட்டால் தேதிச் சக்கரமும் சிறியதாகத்தானே இருக்கும்? ஜன்னல் விளிம்பை விட்டு விலகி நடுவை நோக்கி வந்துவிடும். ஒருமுறை இதைக் கண்டுகொண்டால் பிறகு எந்த வாட்சைப் பார்த்தாலும் கண் அங்கேதான் போகும். முகத்தில் தெரிகிற குறைதான், ஆனால் மெஷின் அளவைப் பார்க்காமல் கேஸ் வாங்கியதால் வந்தது.

ஆகவே அவனுக்கு முடிவு செய்தது: 38 மி.மீ. வட்டக் கேஸ், மூன்று முள், தேதி வேண்டாம். அதற்கு, தேதியே இல்லாத என்எச்38 வாங்குவது மேல். என்எச்35-ஐ வாங்கி ஜன்னலில்லாத டயலால் மூடினாலும் ஓடும். ஆனால் குமிழை இழுக்கும்போது தேதி மாற்றுவதற்கான ஒரு படி வீணாக வந்துபோகும். வெளியே யாருக்கும் தெரியாது. கட்டியவனுக்குத் தினமும் தெரியும்.

முள் வாங்கும்போது அழகைப் பார்ப்பதற்கு முன் துளையைப் பாருங்கள். இந்தக் குடும்ப மெஷின்களுக்கு மணி முள்ளின் துளை 1.5 மி.மீ., நிமிட முள்ளுக்கு 0.9 மி.மீ. சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8215 மெஷினுக்கு நிமிட முள் துளை 1 மி.மீ. இந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் ஏமாந்து, லூசான முள்ளைப் பசை வைத்து ஒட்டி, பசை வழிந்து மெஷின் நின்றுபோன கதைகள் ரிப்பேர்க் கடைக்காரர்களிடம் நிறைய உண்டு.

இனி கைவேலை. இங்கேதான் சும்மா மாட்டுவது செய்வதாக மாறுகிறது. டயலைச் சொந்தமாகச் செய்தோம். 0.4 மி.மீ. பித்தளைத் தகடு, 28.5 மி.மீ. வட்டம், நடுவில் துளை. வெட்டியதும் தகடு சற்று வளைந்துவிடும். கனமான இரண்டு எஃகுக் கட்டைகளுக்கு நடுவில் வைத்து அழுத்திச் சமன் செய்ய வேண்டும். பிறகு உப்புத்தாள். 400, 800, 1500 என்று ஏறிக்கொண்டே போய், தண்ணீர் தொட்டுத் தொட்டு ஒரே திசையில், ஒரு அளவுகோலை ஓரத்தில் அண்டைகொடுத்து இழுக்க வேண்டும். கை அரை டிகிரி திரும்பினால் கோடு குறுக்கே விழும், மறுபடி முதலிலிருந்து. ஆறு டயல் வீணாயிற்று. ஏழாவது டயலை வெளிச்சத்தில் திருப்பியபோது பித்தளைக்குள் ஒரு பட்டை ஒளி எழுந்து நகர்ந்தது. விலை உயர்ந்த வாட்ச் டயலில் நாம் பார்த்து வாய் பிளப்பது அந்த நகரும் ஒளியைத்தான். அதைச் செய்வது திசை தப்பாத கீறல்கள். முடித்த டயலை விரலால் தொடாமல் அன்றைக்கே தெளிந்த வார்னிஷ் அடித்துவிட வேண்டும். கடற்கரை ஊர்களில் பித்தளை கறுப்பதற்கு ஒரு வாரம் போதும்.

டயலின் அடியில் மெஷினில் நிற்க இரண்டு கால்கள் வேண்டும். செப்புக் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். அப்படியானால் உப்புத்தாள் வேலைக்கு முன்பே பற்றவைத்துவிட வேண்டும். சூடு பட்ட இடம் முகத்தில் கறையாக வந்து நிற்கும். எங்களுக்கு அது கைவரவில்லை. இரட்டைப் பக்கம் ஒட்டும் மெல்லிய பொட்டுகளை வைத்து ஒட்டினோம். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

முள்ளை நீலமாக்கியது எனக்குப் பிடித்த வேலை. ஆடம்பர வாட்சுகளில் பார்க்கும் அந்த ஆழ்ந்த நீலம் பெயிண்ட் அல்ல, சூடு. மெருகேற்றிய எஃகைச் சுடச்சுட அதன் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது. படலத்தின் தடிமனுக்கு ஏற்ப ஒளி பிரிந்து நிறம் காட்டுகிறது. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரி செல்சியஸை ஒட்டி நீலம். அதையும் தாண்டினால் வெளிறிச் சாம்பலாகிவிடும். ஒரு சிறிய பித்தளைத் தட்டில் பித்தளைத் தூளைப் பரப்பி, முள்ளை அதன் மேல் கிடத்தி, அடியில் ஸ்பிரிட் விளக்கு. தூள் எதற்கென்றால் சூடு முள் முழுக்க ஒரே சீராகப் பரவத்தான். எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது. கைரேகை பட்ட இடம் தனி நிறம் காட்டும். ஊதா நீலமாகிற அந்த இரண்டு மூன்று நொடிதான் கணக்கு. நான்கு ஐந்து முட்களைக் காவு கொடுத்தால்தான் கண்ணுக்கு அந்த நேரம் பிடிபடும். வாங்குவதற்கு முன் காந்தம் வைத்துப் பார்த்துவிடுங்கள். மலிவு முட்கள் பல முலாம் பூசிய பித்தளை; அவற்றை விடிய விடியச் சுட்டாலும் நீலம் வராது. ரேடியம் என்று நாம் இன்னும் பழக்கத்தில் சொல்லும் ஒளிரும் பூச்சு உள்ள முட்களையும் சுட முடியாது. (இன்றைய பூச்சில் ரேடியம் இல்லை, பயப்பட வேண்டாம். ஸ்ட்ரான்ஷியம் கலந்த உப்பு, பகல் வெளிச்சத்தைக் குடித்து இரவில் உமிழ்கிறது.)

பூட்டும் நாளன்று ஃபேனை நிறுத்திவிட்டோம். நம் ஊர் வெயிலில் இதுவே பெரிய தவம். ஃபேன் ஓடினால் நொடி முள் பறந்துபோய் மேஜைக்கடியில் விழும். அதைவிட, டயலில் விழுகிற ஒரு தூசி கண்ணாடிக்கு அடியில் போனபின் மலை மாதிரி தெரியும். வியர்வை சொட்டாமலிருக்க நெற்றியில் துண்டு. விரலுக்கு உறை. முதலில் டயல், பிறகு மணி முள், நிமிட முள், நொடி முள், இந்த வரிசைதான். எல்லாவற்றையும் பன்னிரண்டில் வைத்து அழுத்தி, பக்கவாட்டில் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக, இடையே வெளிச்சம் தெரிய நிற்க வேண்டும். தேதி உள்ள மெஷின் என்றால், முள் வைப்பதற்கு முன்பே நேரத்தை முன்னோக்கித் திருப்பி, தேதி 'டக்'கென்று மாறுகிற இடத்தில் நிறுத்திக்கொண்டு, அதன் பிறகுதான் பன்னிரண்டில் வைக்க வேண்டும். என் முதல் வாட்சில் இது தெரியாமல் வைத்துவிட்டு, மூன்று வாரம் சாயங்காலம் நாலு மணிக்குத் தேதி மாறும் வாட்சைக் கட்டிக்கொண்டு அலைந்தேன்.

பயப்பட வேண்டிய வேலை தண்டு வெட்டுவது. குமிழுக்கும் மெஷினுக்கும் நடுவிலுள்ள அந்த எஃகுத் தண்டு நீளமாகவே வரும், கேஸுக்கு ஏற்ப வெட்ட வேண்டும். கால் மில்லிமீட்டர் அதிகமிருந்தால் குமிழ் வெளியே துருத்தி நிற்கும். குறைந்துவிட்டால் மெஷினைப் பிடிக்காது. வெட்டியதை ஒட்ட முடியாது. கொஞ்சம் வெட்டி, அரம் போட்டு, மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி என்று இருபது தடவை செய்யத் தயாராக இருங்கள். கூடுதலாக ஒரு தண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது தேவைப்பட்டது.

நேரம் சரிபார்ப்பதைப் பற்றி அளவுக்கு மீறிய கவலை வேண்டாம். நாளொன்றுக்கு 20 நொடி பின்தங்கலாம், 40 நொடி முந்தலாம் என்பது இந்த மெஷினுக்கு ஆலை கொடுக்கும் உத்தரவாதம். நாளுக்கு 86,400 நொடி. பத்து நொடி தவறினால் 8,640-ல் ஒரு பங்கு பிழை. சுவிட்சர்லாந்தின் தரச் சான்றிதழ் கேட்பது நாலு நொடி பின்னடைவு, ஆறு நொடி முந்தல் என்ற எல்லை. போன் மைக்கில் துடிப்பைக் கேட்டு அளக்கும் செயலிகள் இருக்கின்றன. சீர்செய்யும் நெம்புகோலை ஒரு மயிரிழை தட்டினாலே நிறைய மாறும். தட்டிவிட்டு ஒருநாள் கட்டிப் பார்த்து மறுபடி தட்டுவதுதான் முறை. இந்தப் பந்தயத்தில் ஜெயிக்க ஆசை என்றால் குவார்ட்ஸ் வாங்குங்கள். நொடிக்கு 32,768 முறை அதிரும் அந்தப் படிகத்தை எந்த ஆடம்பர மெஷினும் நெருங்காது.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருப்பேன். கேஸின் பின்மூடியில் 200 மீட்டர் என்று பொறித்திருந்தாலும், நீங்கள் பூட்டிய வாட்சை அழுத்தப் பரிசோதனை செய்யாதவரை அது வெறும் எழுத்து. ரப்பர் வளையத்தில் சிக்கிய ஒரு முடி போதும். கை கழுவலாம், குளத்தில் குதிக்க வேண்டாம்.

செலவு என்ன ஆயிற்று? மெஷின் 3,600 ரூபாய். சஃபையர் கண்ணாடியோடு கேஸ் 4,800. இரண்டு செட் முள் 1,300. தகடு, உப்புத்தாள், வார்னிஷ் 400. தோல் வார் 700. லென்ஸ், இடுக்கி, முள் பிடுங்கி, முள் அழுத்தி, பின்மூடி திறப்பான் எல்லாம் 2,400. ஆக 13,200. மிச்சமிருந்தது கூடுதல் தண்டுக்கும், கருகிய முட்களுக்கு மாற்றுக்கும் போயிற்று. இந்தக் காசுக்குக் கடையில் நல்ல ஆட்டோமேட்டிக் வாட்சே வாங்கலாம், உத்தரவாதத்தோடு. மிச்சப்படுத்தவே வீட்டில் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தக் காசுக்கும் நம் மேஜையில் வராதவையும் உண்டு. ராயல் ஓக் கேஸில், கோடுபோட்ட பரப்பும் கண்ணாடி போல் மின்னும் பரப்பும் சந்திக்கிற அந்த விளிம்பைப் பாருங்கள். பிளேடால் வெட்டியது மாதிரி இருக்கும். அது தேர்ந்த கையின் மணிக்கணக்கான உழைப்பு. மலிவுக் கேஸில் அதே விளிம்பு சோப்பு கரைந்தது போல மழுங்கியிருக்கும். அதன் எட்டுத் திருகுகளையும் பாருங்கள். தலைகள் அறுகோணம், அறுகோணப் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால் அவை திரும்பவே முடியாது, முடுக்குவது பின்னாலிருந்து. அதனால்தான் எட்டுப் பள்ளக்கோடும் வட்டத்தோடு ஒட்டி ஒழுங்காக நிற்கின்றன. நகலில் அவை ஆளுக்கொரு திசை பார்க்கும்.

இப்போது தள்ளிவைத்த அந்தப் பேச்சு. பிறர் பெயரை டயலில் அச்சடிப்பது மரியாதையும் அல்ல, விளையாட்டும் அல்ல. பெயர் பொறித்த டயல்கள் ஆன்லைனில் எளிதாகக் கிடைப்பதால் அது சாதாரணம் என்று தோன்றுகிறது. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின்படி பொய்க் குறி பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். வடிவம் வேறு விஷயம். 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்த வடிவத்துக்கு முதலில் பத்து ஆண்டு, நீட்டித்தால் இன்னும் ஐந்து, ஆக மொத்தம் பதினைந்து ஆண்டுதான் காப்பு. வட்ட டயலும் மூன்று முள்ளும் நீல நிறமும் யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் பொருளின் வடிவத்தையே வணிகக் குறியாகப் பதிவு செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரு கம்பெனியின் அடையாளமாகவே ஆகிவிட்ட தனி உருவத்தை அச்சு அசலாக எடுத்து விற்கக் கிளம்பினால், பெயர் போடவில்லை என்ற வாதம் மட்டும் காப்பாற்றாது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஏழு டயலை இழைத்து, நாலு முள்ளைக் கருக்கிவிட்டு, கடைசியில் அதன் மேல் வேறொருவன் பெயரை ஒட்டுவது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அக்கா மகன் தன் பெயரைப் போடுவதா, ஊர்ப் பெயரைப் போடுவதா என்று ஒரு மாதம் யோசித்தான். எழுத்து அச்சிட்ட ஸ்டிக்கர்களைப் பத்து விதமாக வைத்துப் பார்த்தான். எதை வைத்தாலும் அந்தப் பட்டை ஒளி நகர்கிற இடத்தை மறைத்தது. வெறும் டயலோடு மூடிவிட்டான். தீபாவளிக்கு வந்தபோது என் அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன கம்பெனிடா இது?"

"இன்னும் பேர் வைக்கல, பாட்டி."